தொட்டிக்குள் ஆள்

செஞ்சி
22.1.2025

விநாயகம் அண்ணனுக்கு,

மங்கை எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

போன் செய்தால் எடுப்பதில்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வார்டு வாசலிலேயே ரஞ்சிதம் அண்ணி, "இன்னா, இன்னும் மூச்சு இருக்குதான்னு பாக்க வந்தியா?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. வாங்கி வந்த பழத்தைப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மில் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினால் மேனேஜர் கலியபெருமாள் சார்தான் முதலில் படிப்பார். அதனால்தான் காகிதம். உங்கள் ஊர் பூங்குழலி தவிடு கூட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது தளவானூரில் உங்கள் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்று நடந்ததை ஆளுக்கு ஒரு மாதிரி உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஆனால் மேலே சுவிட்ச் இருக்கும் பேனல் ரூமில் இருந்தது நான் ஒருத்திதான். பொங்கல் லீவு முடிந்து மில் திறந்த நாள். பனியில் நனைந்து வந்த நெல் பெரிய தொட்டியின் உள்சுவரில் அப்பிக்கொண்டு இறங்காமல் நின்றது. அதைக் குத்தி விட நீங்கள் உள்ளே இறங்கியிருந்தீர்கள். எனக்கு அது தெரியாது. கலியபெருமாள் சார் கீழே நின்று போனில் பேசிக்கொண்டே, போடு என்று கையைச் சுழற்றிக் காட்டினார். நான் ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்த்தேன். தொட்டியின் அடிக்கதவைத் திறக்கும் சுவிட்சைப் போட்டேன். நெல் சரிய ஆரம்பித்த பிறகுதான் எங்கள் வீட்டுக்காரர் மூட்டையைப் போட்டுவிட்டு "நிறுத்து, நிறுத்து" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். அப்போது நீங்கள் மார்பு வரைக்கும் நெல்லுக்குள் போயிருந்தீர்கள் என்று பிறகுதான் சொன்னார்கள்.

ஜன்னல் வழியாக என்ன பார்த்தாய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நீங்களாவது கேட்பீர்கள் என்று நினைத்தேன். நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் செருப்பைப் பார்த்தேன். நெல்லில் கால் வைக்கும் முன்னால் செருப்பைக் கழற்றாதவர் நம் மில்லில் கிடையாது. தொட்டி ஏணிக்குக் கீழே உங்கள் நீல வார் செருப்பு கிடந்தால் நீங்கள் உள்ளே. கிடக்காவிட்டால் வெளியே. நாலு வருஷமாக அதைப் பார்த்துத்தான் சுவிட்ச் போடுகிறேன். ஒரு நாளும் தப்பியதில்லை.

அன்று ஏணிக்குக் கீழே ஒன்றுமே இல்லை அண்ணா. சத்தியமாக இல்லை. செருப்பு எங்கே போனது? அதை மட்டுமாவது சொல்லுங்கள். தட்டில் சோறு போட்டால்கூட அந்தக் காலியான இடம்தான் கண்ணில் நிற்கிறது.

மங்கை


தளவானூர்
27.1.2025

மங்கைக்கு,

பூங்குழலி காகிதத்தை நீட்டியபோது ஏதோ மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். செருப்புக் கதை எழுதி அனுப்பியிருக்கிறாய்.

செருப்பா? டிப்ளமோ படித்துவிட்டு கம்ப்யூட்டர் மாதிரி பொத்தான் வரிசை முன்னால் உட்கார்ந்திருக்கிறாய், ஒரு ஆள் உயிரோடு உள்ளே நிற்கிறானா இல்லையா என்பதற்கு உனக்குச் செருப்புதான் சாட்சியா? வீட்டில் ரஞ்சிதம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வாயில் வைத்த வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனாள்.

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். பொங்கலுக்கு மில்லில் எல்லோருக்கும் புது ஷூ கொடுத்தார்கள். நீயும்தான் வாங்கினாய். பழைய செருப்பை வீட்டில் விட்டுவிட்டு அன்றைக்குத்தான் முதல் தடவை ஷூ போட்டு வந்தேன், பளபளவென்று இருந்தது. கழற்றிக் கீழே விட்டால் எவனாவது மாற்றிக்கொண்டு போய்விடுவான் என்று பைக்குள் வைத்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் ஏணியில் ஏறினேன். என் காலில் இருப்பதை வைத்து நீ சுவிட்ச் போடுகிறாய் என்று எந்தச் சாமி வந்து என்னிடம் சொன்னது? நாலு வருஷத்தில் ஒரு நாள் நான் வெறுங்காலோடு வந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்குமா என் கதை? இதை நினைத்தால் விலா எலும்பை விட நெஞ்சுதான் அதிகம் வலிக்கிறது.

நான் சொல்லாமல் இறங்கினேன் என்று மில்லில் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். பொய். "உள்ள எறங்கறேன் சார், மேல சொல்லிடுங்க" என்று கலியபெருமாளிடம் சொன்னேன். எப்போதும் அவரிடம்தான் சொல்வேன். போனைக் காதில் வைத்தபடி தலையை ஆட்டினார். எனக்குத் தலையாட்டியது என்று நினைத்தேன். லாரிக்காரனுக்கு ஆட்டினாரோ என்னவோ.

உனக்கு வாய் இல்லையா? ஜன்னலைத் திறந்து, "விநாயகம் அண்ணா, எங்க இருக்கீங்க?" என்று ஒரு குரல் கொடுத்தால் குறைந்தா போய்விடுவாய்? இதற்கு மேல் எனக்கு எழுதாதே.

விநாயகம்


செஞ்சி
30.1.2025

அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். திட்டுவதானால் இன்னொரு தடவை திட்டிக்கொள்ளுங்கள்.

வாய் இல்லையா என்று கேட்டீர்களே, இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், நீங்கள் தொட்டிக்குள் இறங்கப் போனீர்கள். நான் படியிறங்கி வந்து, "உள்ள தானே அண்ணா இருப்பீங்க, நான் போட மாட்டேன்" என்றேன். சரி என்றீர்கள். மறுபடி ஒரு தடவை உறுதியாகக் கேட்டேன். எல்லா லோடுமேன்களும் நிற்கும்போது நீங்கள் சொன்னது எனக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. "எத்தினி வாட்டி சொல்றது? காது கேக்குதா இல்லியா? படிச்ச பொண்ணு வந்துட்டா, எனக்கு நெல்லுல எறங்கக் கத்துக்குடுக்க." எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டுக்காரரும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றார். அவரும் சிரித்தார்.

அன்றைக்கு மூடிய வாய்தான் அண்ணா. இனி இவரிடம் கேட்கக் கூடாது, கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். அப்படிக் கண்டுபிடித்ததுதான் செருப்பு. அதை ஒரு சாமர்த்தியம் என்றுகூட நினைத்து மனசுக்குள் பெருமைப்பட்டிருக்கிறேன்.

இது சண்டை போடுவதற்காக எழுதியது இல்லை. நேற்று கலியபெருமாள் சார், நீங்கள் வருகிற வரைக்கும் தொட்டிக்குள் இறங்குகிற வேலையை எங்கள் வீட்டுக்காரர் பொன்னுசாமி பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். உங்களைக் கயிறு கட்டித் தூக்கியது அவர்தான், அவருக்குத்தான் உள்ளே பழக்கம் என்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நாளையிலிருந்து அவர் உள்ளே, நான் சுவிட்ச் முன்னால். கேட்டால் அவருக்கும் கோபம் வரும். உங்களை விட அதிகமாகவே வரும். பனி இன்னும் விடவில்லை, ஜன்னலில் பார்த்தால் ராஜகிரி மலையே தெரிவதில்லை, வருகிற நெல் எல்லாம் ஈரம். தினமும் இறங்க வேண்டியிருக்கும். என்ன செய்தால் தப்பு நடக்காது? நெல்லுக்குள் புதைந்து மீண்டவர் நீங்கள் ஒருத்தர்தான். எனக்குச் சொல்ல உங்களுக்குக் கடமை இல்லை, தெரியும். அவருக்காகச் சொல்லுங்கள். உங்களைத் தூக்கியவர் அவர்.

மங்கை


தளவானூர்
1.2.2025

மங்கைக்கு,

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். அந்த நாளும் ஞாபகம் இல்லை, நீ படியிறங்கி வந்ததும் ஞாபகம் இல்லை.

பொய் சொல்கிறாள் என்று ரஞ்சிதத்திடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு நாளைக்குப் பத்து வாட்டி என்னக் கேக்கற, காது கேக்குதா இல்லியான்னு. அவள மட்டும் கேக்காம வுட்டிருப்பியா?" என்றாள். நான் சொல்லி மறந்த ஒரு வார்த்தையை நீ நாலு வருஷமாகச் சுமந்துகொண்டு, ஜன்னலில் உட்கார்ந்து என் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சரி, விடு.

பொன்னுசாமி விஷயத்துக்கு வருகிறேன். படுத்தே கிடப்பதால் இதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நன்றாகக் கேட்டுக்கொள். உள்ளே இறங்குகிறவன் தன் வாயால், உன் முகத்தைப் பார்த்து, இறங்குகிறேன் என்று சொல்ல வேண்டும். படியேறி மேலே வரட்டும். கால் ஒன்றும் தேய்ந்துவிடாது. நீ அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், "நீ உள்ள இருக்க, நான் போட மாட்டேன்" என்று. வெளியே வந்த பிறகும் அவனேதான் வந்து சொல்ல வேண்டும். கலியபெருமாள் சொன்னார், லோடுமேன் சொன்னான், பூங்குழலி பார்த்தாளாம் என்பதெல்லாம் செல்லாது. கை காட்டுவது, தலையாட்டுவது ஒன்றும் செல்லாது. போனவன் வாயிலிருந்து வர வேண்டும். வராத வரைக்கும் அவன் உள்ளேதான் இருக்கிறான்.

கோபப்படுவான். படட்டும். கோபப்படுகிறவனுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

அவன் கயிறு கட்டும்போது என் அக்குளில் கையை விட்டு, "அண்ணே, மூச்ச அடக்காத, மெதுவா வுடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

விநாயகம்


செஞ்சி
10.2.2025

அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னபடி செய்தேன். எல்லாம் கெட்டுப் போய்விட்டது.

முதல் நாள் கெஞ்சிக் கூத்தாடியதில் மேலே வந்து சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். இறங்கிப் போகும்போது கீழே ஒருத்தன், "பொண்டாட்டிகிட்ட பர்மிஷன் வாங்கியாச்சா?" என்றான். அவ்வளவுதான். அடுத்த நாள் பாதிப் படியிலிருந்தே கத்திவிட்டுப் போனார். அதற்கடுத்த நாள் வரவே இல்லை, நான் ஓடிப் போய்க் கேட்டு வந்தேன். "வூட்டுல அதிகாரம் பண்றது பத்தலியா, இங்கயும் வேற?" என்றார்.

வியாழக்கிழமை உள்ளே போனார். அவர் ஏணியில் ஏறும்போதே நான் பார்த்துவிட்டேன், கேட்டும் வைத்தேன். வெளியே வந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. லாரிகள் திருவண்ணாமலை ரோடு வரைக்கும் நிற்கின்றன. கலியபெருமாள் சார் போன் செய்கிறார், "ஆள் இல்லம்மா, போடு." நான் போடவில்லை. "அவரே வந்து சொல்லட்டும் சார்" என்றேன். சார் மேலே வந்துவிட்டார். என்னென்ன பேச வேண்டுமோ அத்தனையும் பேசினார். லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். நான் இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கே பயம், கை தானாகப் போய் அழுத்திவிடுமோ என்று.

அவர் வெளியே டீக்கடையில் இருந்திருக்கிறார் அண்ணா. பாதி டீயோடு கூட்டி வந்தார்கள். எல்லோர் முன்னாலும் படிக்குக் கீழே நின்று, "வெளியதான்டி இருக்கேன், போதுமா? கண்ணு நல்லா தெரியுதா?" என்று கத்தினார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அன்று சாயங்காலமே அவலூர்பேட்டையில் அவர் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்துதான் வேலைக்கு வருகிறார். என்னைப் பார்ப்பதில்லை, பேசுவதில்லை. ஆனால் தொட்டிக்குள் மட்டும் இறங்குகிறார். பேசாத மனுஷனை உள்ளே வைத்துக்கொண்டு நான் எப்படி சுவிட்ச் போடுவேன்? ஒவ்வொரு தடவையும் கீழே ஓடுகிறேன், ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்க்கிறேன், திரும்ப மேலே ஓடுகிறேன். மேலே வருவதற்குள் திரும்ப இறங்கியிருப்பாரோ என்று சந்தேகம் வந்து மறுபடி கீழே ஓடுகிறேன். பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. இப்படியே போனால் ஒரு நாள் களைத்துப் போய்ப் பார்க்காமலே போட்டுவிடுவேன். அந்த நாள்தான் அவர் உள்ளே இருப்பார்.

நான் செய்தது முட்டாள்தனமா? நீங்கள் சொல்லித்தான் செய்தேன். நீங்களே சொல்லுங்கள்.

மங்கை


தளவானூர்
14.2.2025

தங்கச்சி மங்கைக்கு,

நீ செய்ததில் ஒரு குறையும் இல்லை. இதை முதலில் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடி.

புதன்கிழமை சாயங்காலம் அவலூர்பேட்டை சந்தைப் பக்கம் போயிருந்தேன். நெஞ்சில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனதற்கு ரஞ்சிதம் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள். பொன்னுசாமி அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் உன்னைப் பற்றித்தான் பஞ்சாயத்து பேச வந்திருக்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கயிறு கட்டித் தூக்கியவன், நெல்லுக்குள் புதைந்தவனுக்கு எப்படி இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. அதை மட்டும் சொன்னேன்.

நெல் முதலில் காலைத்தான் பிடித்தது. சிரித்துக்கொண்டே காலை உருவப் பார்த்தேன். இடுப்புக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. மார்புக்கு வந்த பிறகு, மூச்சை விட்டால் விட்ட இடத்தில் நெல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த மூச்சுக்கு இடம் கிடையாது. கத்தலாம் என்றால் கத்துவதற்கும் மூச்சுதான் வேண்டியிருக்கிறது. அப்போது எனக்கு சாமி ஞாபகம் வரவில்லை, பெண்டாட்டி பிள்ளை ஞாபகம் வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் ஓடியது. நான் இங்கே இருப்பது மேலே இருக்கிறவளுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பாள், ஒரே ஒரு வார்த்தை நான் ஏறிப் போய்ச் சொல்லியிருந்தால் போதும். இதைத்தான் பொன்னுசாமியிடம் சொன்னேன்.

அவன் டீ வாங்கி வந்து கொடுத்தான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்து ஏற்றிவிட்டான்.

இதெல்லாம் எனக்கு மறந்து போன கதை, அவனுக்காகச் சொன்னேன், அவ்வளவுதான். நீ இதைப் படித்துவிட்டு அழுதுகொண்டிருக்காதே.

அண்ணன்
விநாயகம்


செஞ்சி
18.2.2025

அண்ணனுக்கு,

நேற்றுக் காலை அவர் படியேறி வந்தார். கதவைத் தாண்டி உள்ளே வந்து நின்று, "மங்க, உள்ள எறங்கறேன்" என்றார். நான் திருப்பிச் சொன்னேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அவர் போகவில்லை, "முழுசா சொல்லு" என்றார். முழுசாகச் சொன்னேன்.

வெளியே வந்ததும் உடம்பெல்லாம் தூசியோடு மறுபடி வந்து சொன்னார். கீழே அதே ஆள் ஏதோ கிண்டல் செய்தான். "நீ உள்ள எறங்கிப் பாத்துட்டு வந்து பேசு" என்றார், அவன் அடங்கிவிட்டான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஆனாலும் பயம் போகவில்லை. அவர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து திரும்ப வந்து சொல்கிற வரைக்கும் எனக்கும் மூச்சு இல்லை. எப்போது இந்த மனுஷன் திரும்ப மூட்டை தூக்கப் போவார் என்று இருக்கிறது. இதை உங்களிடம் எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது, வேறு யாரிடம் சொல்வேன்?

மங்கை


தளவானூர்
28.2.2025

தங்கச்சிக்கு,

நல்ல சேதி. டாக்டர் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். வேலைக்குப் போகலாம் என்றுவிட்டார். கலியபெருமாளுக்குப் போன் போட்டுவிட்டேன். பத்தாம் தேதியிலிருந்து வருகிறேன். பொன்னுசாமியை மூட்டைக்குத் திரும்பத் தயாராகச் சொல். தொட்டி இனி என் பாடு, நீ நிம்மதியாகத் தூங்கு.

நான் கல்லு மாதிரி இருக்கிறேன். பூங்குழலியிடம் கேட்டுப் பார்.

விநாயகம்


செஞ்சி
5.3.2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று என்ன செய்தேன் தெரியுமா? பூ வாங்கி வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். பத்தாம் தேதியிலிருந்து நீங்கள் உள்ளே போக வேண்டாம் என்றேன். அவரும் சிரித்தார். அவருக்கும் பயம்தான், சொல்ல மாட்டார்.

இப்போது எழுதப் போவதை எழுதாமல் விட்டிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக இருந்திருப்போம். எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மில் ஓடவில்லை. பேனலில் தூசி தட்டுவதற்காக நான் மட்டும் மேலே வந்திருந்தேன். நீங்கள் வாட்ச்மேனிடம் பேசிவிட்டுத் தொட்டிப் பக்கம் வந்ததைப் பார்த்தேன். ஏணியைப் பிடித்தீர்கள். ஏறினீர்கள். கொஞ்சம் ஏறியதும் நின்றுவிட்டீர்கள். கம்பியோடு நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தீர்கள். பிறகு இறங்கி, சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போனீர்கள்.

நான் ஜன்னலை விட்டு நகர்ந்துகொண்டேன். கூப்பிட்டால் உங்களுக்கு அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன். நான் பார்த்தது தெரியாமலே இருக்கட்டும் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது, மறுபடியும் அதையேதான் செய்கிறேன். கண்ணால் பார்த்துவிட்டு, நானே ஒன்றை முடிவு செய்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்மை அண்ணா. கேட்காமல் இருப்பதில் எனக்கு லாபம் இருக்கிறது. நீங்கள் வந்துவிட்டால் என் புருஷன் வெளியே வந்துவிடுவார். நீங்கள் பயந்துகொண்டே இறங்கினால் எனக்கென்ன என்று இருந்துவிடலாம். இரண்டு நாள் அப்படித்தான் இருந்தேன்.

இருக்க முடியவில்லை. அதனால் கேட்கிறேன். நீங்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை. உங்களுக்குப் பயமாக இருக்கிறதா? நிஜத்தைச் சொல்லுங்கள். பயமாக இருந்தால் பத்தாம் தேதி நீங்கள் இறங்க வேண்டாம். அதனால் என் வீட்டுக்காரருக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

மங்கை


தளவானூர்
7.3.2025

மங்கைக்கு,

பயமாக இருக்கிறது.

இதை ரஞ்சிதத்திடம்கூடச் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்லவில்லை. வீட்டில் மூலையில் ஒரு மூட்டை நெல் இருக்கிறது, அதன் பக்கம் போனாலே எனக்கு மூச்சு முட்டுகிறது, பாயை வேறு பக்கம் போட்டுக்கொண்டு படுக்கிறேன். கல்லு மாதிரி இருக்கிறேன் என்று எழுதியது பொய். உன் கடிதம் வந்ததும் முதலில் கோபம்தான் வந்தது. கிழிக்கப் போனேன். நீ கேட்டதைப் போல என்னை யாரும் கேட்டதில்லை. எல்லோரும் எப்போது வேலைக்கு வருகிறாய் என்றுதான் கேட்டார்கள்.

என்னால் இனிமேல் உள்ளே இறங்க முடியாது. அதற்காக பொன்னுசாமி இறங்கிக்கொண்டே இருக்கவும் கூடாது. ஆள் இறங்காமல் வெளியிலிருந்தே குத்தி விடுவதற்குத் தொட்டியின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை போட்டு மூடி வைத்தால் போதும், நீளக் கம்பி விட்டால் நெல் இறங்கிவிடும். இது எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். சொன்னால், இவனுக்கு இறங்கப் பயம், அதனால்தான் கதை சொல்கிறான் என்பார்கள் என்று சொல்லாமலே இருந்தேன். இத்தனைக்கும் அப்போது பயம் இல்லை.

திங்கட்கிழமை காலை வருகிறேன். லோடுமேன் எல்லோரும் கூடியிருக்கும்போது கலியபெருமாளிடம் சொல்லப் போகிறேன், எனக்குப் பயம் என்று, அந்த வார்த்தையையே சொல்லப் போகிறேன். பொன்னுசாமியையும் கூட்டிக்கொண்டு நீ கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் நில். நடுவில் எனக்குக் குரல் நின்றுபோனால், மீதியை நீ சொல்லிவிடு.

விநாயகம்